உருகுநிலை 1768, ஃபர்னஸ் 920: பிளாட்டினப் படலம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி (ஓசூர், ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி)

"சார், வயர் இல்லாத ஒலியலை சென்சாரை ஃபர்னஸ் உள்ளே போகும் ட்ரேயிலேயே வைத்து டெம்பரேச்சர் எடுக்கலாம் என்று படித்தேன். மின்முனைப் படலம் கெட்டுப்போவதுதான் பெரிய தலைவலி என்கிறார்கள். பிளாட்டினம் உருகுவது 1768 டிகிரி. எங்கள் ஃபர்னஸ் 920தான் ஓடுகிறது. அப்புறம் எப்படிக் கெடும்? பிளாட்டினம் தாங்காது என்றால் டங்ஸ்டன் போட்டால் என்ன? அது 3422 வரை தாங்குமே?"

ஜூன் 4

உருகுநிலையை வைத்து உலோகம் தேர்ந்தெடுக்கக் கூடாது, தம்பி. 1768 என்பது கட்டிப் பிளாட்டினத்தின் கணக்கு. இங்கே படிகத்தின் மேல் கோடு கோடாகப் போட்ட மின்முனையின் கனம் 100 நானோமீட்டர் சுமார். அந்தக் கனத்தில் உலோகம் உருகாமலேயே இடம் பெயரும்.

ஸ்பட்டர் செய்த, அதாவது வேக்கத்தில் உலோக அணுக்களைத் தெறிக்க வைத்துப் படிய வைத்த படலம் முழுக்கக் குட்டிக் குட்டி கிரெய்ன்கள், பொடிப் படிகத் துண்டுகள். சூடு ஏறியதும் மேற்பரப்பு அணுக்கள் நகரத் தொடங்கும். இரண்டு கிரெய்ன்கள் சேரும் எல்லையில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் ஆழமாகி அடியில் உள்ள படிகத்தைத் தொட்டால் அங்கே ஒரு துளை. துளையின் விளிம்பு பின்வாங்கிக்கொண்டே போகும். கடைசியில் கோடாக இருந்த உலோகம் தனித்தனித் தீவுகளாகிவிடும். வெளிப்பரப்பு குறைந்தால் ஆற்றல் குறைகிறது, அதுதான் இதற்கெல்லாம் காரணம். மெல்லிய வெறும் பிளாட்டினத்தில் 700 டிகிரி வாக்கிலேயே இது தொடங்கிவிடும். 920ல் கேட்கவே வேண்டாம்.

டங்ஸ்டன் காற்றில் 500 டிகிரி தாண்டினால் ஆக்சைடாகப் போய்விடும். மாலிப்டினம் அதைவிட மோசம், அதன் ஆக்சைடு 795 டிகிரியில் உருகி ஆவியாகவும் போகும். 3422 என்ற எண் அங்கே எதற்கும் உதவாது.

ஜூன் 5

இழையில் புதிதாக வந்தவர்களுக்காக. படிகத்தின் மேல்பரப்பில் ஓடும் ஒலியலையைக் கணக்கில் காட்டியவர் ரேலி, 1885ல். சீப்புப் பல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த உலோகக் கோடுகளை வைத்து அந்த அலையை மின்சாரத்தால் எழுப்பலாம் என்று வைட்டும் வோல்ட்மரும் 1965ல் செய்து காட்டினார்கள். சூடு மாறினால் அலையின் வேகம் மாறும், அதனால் அதிர்வெண் மாறும். அதை ஆன்டெனா வழியாகத் தூரத்திலிருந்து படிக்கலாம். பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம்.

படிகத்திலும் எல்லாமே ஒத்துவராது. குவார்ட்ஸ் 573 டிகிரியில் அமைப்பு மாறிவிடும். இந்த வேலைக்கு லாங்கசைட் எடுப்பார்கள். லாந்தனம், கேலியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த படிகம். உருகும்வரை, அதாவது 1470 டிகிரி வரை, அமைப்பு மாற்றம் கிடையாது. அதில் அலை வினாடிக்கு சுமார் 2700 மீட்டர் ஓடும். 434 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 6.2 மைக்ரான், அதில் கால் பங்கு ஒரு கோட்டின் அகலம். ஒன்றரை மைக்ரான் கோடு, ஒன்றரை மைக்ரான் இடைவெளி. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு மேலே உள்ளதைப் படியுங்கள்.

ஜூன் 5, இரவு

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பெங்களூரில் ஸ்பட்டர் செய்து வாங்கிவந்த படலத்தைக் கிருஷ்ணகிரியில் எங்கள் லேப் மஃபிள் ஃபர்னஸில் வைத்து எடுப்போம். போகும்போது கண்ணாடி மாதிரி முகம் தெரியும். வரும்போது பால் படிந்த சாம்பல் நிறம். மேலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தால் மைக்ராஸ்கோப்பில் கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான் தெரியும். லாங்கசைட் ஒளி ஊடுருவும் படிகம் என்பதால் கீழிருந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். துளை விழுந்த இடமெல்லாம் பளிச்சென்று புள்ளி புள்ளியாகத் தெரியும். கேமராவில் எடுத்து எண்ணவே எண்ணலாம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

அதில் முக்கியமாகக் கவனித்தது: கோடுகளை ஒன்றாக இணைக்கும் அகலமான பஸ் பட்டையில் இன்னும் முகம் தெரியும்போதே மெல்லிய கோடுகளின் ஓரம் பல்லுப் பல்லாக அரிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் பக்கவாட்டிலும் திறந்த பரப்பு இருக்கிறதல்லவா, அங்கிருந்துதான் பின்வாங்கல் தொடங்குகிறது. ஆகவே கோடு போடாத முழுப் படலத்தைச் சுட்டுப் பார்த்து "நிற்கிறது" என்று சொல்லும் எந்தச் சோதனையையும் நான் ஏற்பதில்லை.

ஜூன் 7

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், பிளாட்டினத்தை நேரே படிகத்தின் மேல் போட்டால் என்ன என்று. ஒட்டாது. செலோடேப் ஒட்டி இழுத்தால் கூடவே வந்துவிடும். அதனால் அடியில் 10 நானோமீட்டர் போல ஒட்டுப் படலம் போடுவார்கள். எல்லா லேபிலும் கைவசம் இருப்பது டைட்டானியம், அதையே போட்டுவிடுவார்கள்.

சாதாரணச் சூட்டுக்கு டைட்டானியம் நல்ல ஒட்டு. சூடு ஏறினால் அது அடியில் நிற்காது. பிளாட்டினத்தின் கிரெய்ன் எல்லை வழியாக மேலே ஏறி, அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து டைட்டானியம் டைஆக்சைடாக உட்கார்ந்துகொள்ளும். அடியில் ஒட்டும் காலி, மேலே எல்லைகளும் கெட்டன. பிளாட்டினத்தைக் குறை சொல்கிற பாதிப் புகார்கள் உண்மையில் அடியில் போட்ட டைட்டானியத்தின் வேலை என்பது என் எண்ணம். சிர்கோனியம் போட்டால் அது இருந்த இடத்திலேயே ஆக்சைடாகி நிற்கும், ஏறுவது ரொம்பக் குறைவு. டான்டலமும் டைட்டானியத்தைவிடத் தேவலை. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கூடுதல் செலவு ஸ்பட்டருக்கான உலோகத் தகடு (டார்கெட்) ஒன்று, அவ்வளவுதான்.

ஜூன் 8

"தெர்மோகப்பிள் இருக்க இதெல்லாம் எதற்கு?" என்று கேட்ட அண்ணாவுக்கு: நிலையாக நிற்கும் ஃபர்னஸ் சுவருக்கு தெர்மோகப்பிளே போதும், அதை விடச் சொல்லவில்லை. தம்பி கேட்பது நகரும் ட்ரேக்கு. புஷர் ஃபர்னஸில் ட்ரே ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலேயே நீளமாக வயர் இழுத்து சர்வே எடுப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். சுழலும் ஷாஃப்ட், டர்பைன் பிளேடு இங்கெல்லாம் வயருக்கு வழியே இல்லை. ஒலியலை சென்சாருக்கு இடம் அங்கேதான்.

ஜூன் 11

கனத்தைக் கூட்டினால் என்ன? நல்ல கேள்வி, இதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும்.

கிரெய்ன் எல்லையில் பள்ளம் எப்படி ஆழமாகிறது என்பதற்கு மல்லின்ஸ் 1957ல் ஒரு கணக்கு கொடுத்தார். மேற்பரப்பில் அணு நகர்வதால் விழும் பள்ளத்தின் ஆழம் நேரத்தின் நான்காம் மூலம் போல வளரும். திருப்பிப் போட்டால், பள்ளம் அடியைத் தொட ஆகும் நேரம் கனத்தின் நான்காம் படி. கனம் இரட்டிப்பானால் நேரம் 16 மடங்கு. 100 நானோமீட்டர் படலம் ஒரு ஷிஃப்ட் நிற்கிறது என்றால் 200 நானோமீட்டர் ஐந்து நாளைக்கு மேல் நிற்கணும். காகிதத்தில்.

காகிதத்தில் என்று சொல்லக் காரணம், கிரெய்ன்களும் சும்மா இருப்பதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கும். எல்லைகள் நகரும், சில மறையும். சூடாகும்போது படிகமும் உலோகமும் வேறு வேறு அளவில் விரிவதால் நெருக்கம் ஏற்பட்டு மேடுகள் தள்ளிக்கொண்டு வரும். கணக்கு ஒரு பக்கம், படலம் ஒரு பக்கம். ஆனாலும் கனம்தான் ஆயுளை மிக வலுவாக இழுக்கும் கயிறு என்பதில் சந்தேகம் இல்லை.

சரி, 500 நானோமீட்டர் போட்டுவிடலாமே? முடியாது. பிளாட்டினத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 21.45 கிராம். அத்தனை பாரத்தை அலை சுமக்க வேண்டும். கனம் கூடக் கூட வேகம் குறையும், ஒவ்வொரு கோடும் அலையைத் திருப்பி அடிப்பது கூடும், அதிர்வெண் கீழே இறங்கும். 100க்கு வரைந்த மாஸ்க்கை (கோடுகளின் அச்சை) வைத்து 200 போட்டால் வேறு சென்சார் கிடைக்கும். கனத்தை மாற்றினால் கோட்டு அகலம், எண்ணிக்கை எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் அலைநீளம் இரட்டிப்பாகும், கனத்தையும் அதே விகிதத்தில் கூட்டலாம். ஆன்டெனா பெரிதாகும், ட்ரேயில் அதற்கு இடம் வேண்டும். இதில் எதை விட்டுக்கொடுப்பது என்பது ஃபர்னஸைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஜூன் 12

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க. கனத்தைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது கலப்புப் படலம். அமெரிக்காவில் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பெரெய்ரா ட குன்யாவின் குழு இதைத்தான் பல வருடமாகச் செய்தது. பிளாட்டினத்தில் 10 சதவீதம் ரோடியம், அதோடு சிர்கோனியம் ஆக்சைடையும் ஒரே நேரத்தில் ஆவியாக்கிப் படிய வைத்தார்கள். லாங்கசைட்டில் அந்த மின்முனை 800 டிகிரியில் மாதக்கணக்கில் நின்றது.

ஏரிக்கரையில் வரிசையாகப் பனை நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, கிரெய்ன் எல்லைகளில் உட்கார்ந்த ஆக்சைடு துகள்கள் எல்லையை நகரவிடாது. கிரெய்ன் சின்னதாகவே இருக்கும், பள்ளம் ஒன்றோடொன்று சேராது. விலையும் உண்டு: ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது, எதிர்ப்பு கூடும், சிக்னல் கொஞ்சம் குறையும். அதிகம் கலந்தால் அது வெறும் கோடாகத்தான் இருக்கும், மின்முனையாக இருக்காது.

இரிடியம் பற்றிக் கேட்டவருக்கு: உருகுநிலை அதிகம், கிரெய்ன் நகர்வும் குறைவு, உண்மை. காற்றில் அதன் ஆக்சைடு ஆவியாகிப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்று குறைந்த இடத்தில் அதற்கு மதிப்பு கூடும்.

ஜூன் 14

போச்சம்பள்ளிக்காரர் ஒருவர் மாங்கூழ் ஆலையில் ஸ்டெரிலைசருக்கு இதை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். சீசன் நேரம், ஆலையெல்லாம் இரவு பகலாக ஓடும், கேள்வி வருவது நியாயம்தான். நீங்கள் இந்த இழையில் மெனக்கெட வேண்டாம். 150 டிகிரிக்குள் குவார்ட்ஸின் மேல் அலுமினியக் கோடே வருடக்கணக்கில் நிற்கும். அலுமினியம் உருகுவது 660ல், அதற்கு வெகு முன்பே மென்மையாகிவிடும், ஆனால் உங்கள் சூடு அதற்கும் வெகு கீழே. உங்களுக்கு வேண்டியது நீராவி புகாத கூடு மட்டும்.

ஜூன் 16

மூடி பற்றி. மேற்பரப்பு அணு நகர்வதுதான் நோய் என்றால், மேற்பரப்பே இல்லாமல் செய்துவிடலாம். படலத்தின் மேல் 50 முதல் 100 நானோமீட்டர் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) போர்த்தினால் அணுக்களுக்கு ஓட இடம் இல்லை. அணு அடுக்கு முறையில் போட்டால் கோட்டின் பக்கவாட்டையும் ஒரே சீராக மூடும். ஜூன் 5ல் சொன்ன ஓர அரிப்புக்கு இதுதான் நேரடி மருந்து.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, போட்டபோது அலுமினா படிகமற்ற நிலையில் இருக்கும். 800, 900 டிகிரிக்குப் போகும்போது படிகமாகிச் சுருங்கும். சுருங்கினால் விரிசல், விரிசலுக்கு நேர் கீழே முதல் துளை. மெதுவாக ஏற்றி ஒரு முறை சுட்டு, கீழ் விளக்கில் பார்த்து, விரிசல் இல்லாததை மட்டும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பேட். வயர் ஒட்ட வேண்டும் என்பதால் அந்த இடத்தில் மூடி கிடையாது. 25 மைக்ரான் பிளாட்டினக் கம்பி வந்து உட்காரும் அந்தச் சதுரம் மொத்த சென்சாரிலும் அம்மணமாக நிற்கும் ஒரே இடம். மூடி போட்ட துண்டுகளில் கோடெல்லாம் அப்படியே இருக்க, பேட் மட்டும் தீவாகிக் கம்பி தனியாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். பேடுக்கு மட்டும் தனி மாஸ்க் வைத்து கனமாக, ஒரு மைக்ரான் அளவுக்குப் பிளாட்டினம் ஏற்றிவிடுங்கள். அலை அந்தப் பக்கம் ஓடுவதில்லை, பாரம் ஒரு பிரச்சினை இல்லை.

ஜூன் 17

சூட்டிலேயே எதிர்ப்பை அளந்து "மூன்றரை மடங்கு ஏறிவிட்டது, படலம் போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போகவில்லை. பிளாட்டினத்துக்கு அது இயல்பு. 0 டிகிரியில் 100 ஓம் காட்டும் பி.டி.100 பிளாட்டின சென்சாரே 800 டிகிரியில் 375.7 ஓம் காட்டும். ஆற வைத்து, பழைய அறை வெப்ப அளவோடு ஒப்பிடுங்கள். திரும்பி வராத பங்குதான் சேதம்.

ஜூன் 21

இந்த நாலைந்து நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததை எழுதுகிறேன். தம்பியின் ஃபர்னஸில் ஓடுவது காற்று இல்லை. கியர் கார்புரைசிங், அதாவது எஃகின் மேல்பரப்பில் கார்பன் ஏற்றும் வேலை என்று தனியாக எழுதியிருந்தார். அப்படியானால் உள்ளே எண்டோ கேஸ்: சுமாராக 20 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, 40 ஹைட்ரஜன், 40 நைட்ரஜன். நான் மேலே சொன்ன படலப் பேச்சு பெரும்பாலும் காற்றில் சுட்டுப் பார்த்தவர்களின் அனுபவம், என் அனுபவமும் காற்றில்தான். ஓசூர் ஷாப்புகளுக்கு விடை வேறு.

என்ன மாறுகிறது? முதலில் படிகம். ஆக்சிஜன் இல்லாத சூட்டில் லாங்கசைட்டின் மேற்பரப்பிலிருந்து ஆக்சிஜனும் கேலியமும் வெளியேறும். அலை ஓடுவதே அந்த மேல்பரப்பில்தான். மின்முனை கல் மாதிரி நின்றாலும் அடியில் தரை மாறிவிட்டால் சென்சார் பழைய கணக்கைச் சொல்லாது.

அடுத்தது சிலிக்கான். இதை ஃபர்னஸ் அண்ணன்மாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை: பிளாட்டினக் கம்பியில் செய்த எஸ் டைப், ஆர் டைப் தெர்மோகப்பிளை ரெடியூசிங் கேஸில் (எண்டோ மாதிரி ஆக்சிஜனைப் பறிக்கும் கேஸில்) வெறுமனே விடமாட்டார்கள், சுத்த அலுமினா டியூபுக்குள்தான் போடுவார்கள். செங்கல்லில் இருக்கும் சிலிக்கா அந்த கேஸில் குறைந்து ஆவியாக வந்து பிளாட்டினத்தில் ஏறும். சிலிக்கான் ஏறிய பிளாட்டினத்துக்கு 830 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டு. 920 ஓடும் ஃபர்னஸில் 830! தடித்த கம்பிக்கே இந்தக் கதி என்றால் 100 நானோமீட்டர் படலம் என்ன ஆகும்? அதோடு லாங்கசைட்டுக்குள்ளேயே சிலிக்கான் இருக்கிறது. வெளியிலிருந்து வரவே வேண்டியதில்லை.

மூன்றாவது கரி. ஒன்றரை மைக்ரான் இடைவெளியில் புகைக்கரி படிந்தால் எதிரெதிர்க் கோடுகள் ஷார்ட். படலம் நன்றாகவே இருக்கும், சிக்னல் இருக்காது.

ஜூன் 22

முதல் நாள் டங்ஸ்டனைத் தள்ளிவிட்டேன். காற்று என்று வைத்துப் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஹைட்ரஜன் நிறைந்த கேஸில் ஆக்சைடு பயம் வெகுவாகக் குறைகிறது, தம்பியின் யோசனைக்கு உரிய இடம் கொடுக்க வேண்டும். அணு நகர்வும் டங்ஸ்டனில் அந்தச் சூட்டில் மிகக் குறைவு. தடை இரண்டு. கார்பன் நிறைந்த இடம், டங்ஸ்டன் கார்பைடாக மாறும், படலம் விரிந்து உடையும். அப்புறம் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே வரும், ட்ரே சூடாகவே வெளியே வரும். ஒரு தடவை போதும் அதைக் கெடுக்க. சுத்த ஹைட்ரஜனிலோ வேக்கம் ஃபர்னஸிலோ ஓட்டுபவர் கேட்டிருந்தால் டங்ஸ்டனைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஜூன் 22, மாலை

"அப்போ கார்புரைசிங்குக்கு வழியே இல்லையா சார்?" இருக்கிறது. மின்முனையை எண்டோ கேஸோடு சண்டை போட வைக்காமல் அதற்குத் தனிக் காற்று கொடுங்கள். சென்சாரை அடர்த்தியான அலுமினா பெட்டிக்குள் வைத்து, உள்ளே சாதாரணக் காற்றோடு கண்ணாடிப் பூச்சால் சீல் செய்வது. அலுமினா ரேடியோ அலையை விடும். பெட்டிக்குள் படிகம், படலம், கம்பி எல்லாமே காற்றிலேயே வாழும், அப்போது ஜூன் 12 வரை எழுதியதெல்லாம் மறுபடி உங்களுக்குப் பொருந்தும். சீல் கண்ணாடி 920ஐத் தாங்க வேண்டும், சிலிக்கா உள்பக்கம் கசியக் கூடாது, ஆன்டெனாவுக்குப் போகும் பிளாட்டினக் கம்பியின் வழியில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. மின்முனைச் சிக்கலை சீல் சிக்கலாக மாற்றுகிறோம், தெரிந்தேதான். சீலைச் சோதிக்க நம்மூரில் ஆட்களும் கருவியும் உண்டு. படலத்தை அப்படி யாரும் எளிதாகச் சோதித்துவிட முடியாது.

ஃபர்னஸ் மஃபிளே இரும்புக்கூடு என்பதால் ரேடியோ உள்ளே போக ஆன்டெனாவையும் உள்ளே கொண்டுபோக வேண்டும். அது தனிப் பேச்சு, இங்கே கலக்கவில்லை.

ஜூன் 26

தம்பி தன் ஷாப்பில் பழைய ட்ரே ஒன்றில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்படிச் செய்வோம். முழு சென்சார் வேண்டாம், கோடு போட்ட துண்டுகள் மட்டும். டைட்டானியம் ஒட்டு, சிர்கோனியம் ஒட்டு, சிர்கோனியத்தோடு அலுமினா மூடி என்று மூன்று வகை. ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டு திறந்த அலுமினா படகில் (சின்னத் தட்டில்), ஒரு துண்டு சீல் செய்த பெட்டியில், ஒரு துண்டு இங்கே எங்கள் மஃபிளில் அதே சூட்டில் காற்றில். உச்ச வெப்பத்தை மட்டும் எழுதாதீர்கள், அந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் கதவு எத்தனை முறை திறந்தது என்பதையும் ஷிஃப்ட் நோட்டில் குறியுங்கள். கரண்ட் போய் ஃபர்னஸ் இறங்கினால் அந்த நேரத்தையும். திடீரென்று ஆறுவது மூடியில் விரிசலுக்கு முதல் காரணம்.

எடுத்ததும் துடைக்காதீர்கள். கரி படிந்திருந்தால் அப்படியே வரட்டும், படலம் போனதா, கரி ஷார்ட் செய்ததா என்று பிரிக்க அதுதான் வேண்டும். ஈரம் ஏறாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு, எந்தப் பக்கம் பர்னர் பார்த்து இருந்தது என்று பென்சிலால் குறித்துக் கிருஷ்ணகிரிக்குக் கொடுத்தனுப்புங்கள். கீழ் விளக்குப் படங்களை இங்கேயே ஏற்றுகிறேன், காற்றுத் துண்டை அதன் பக்கத்திலேயே வைத்து.